ஒன்று போட்டவள் நான்

அண்ணா, ஒரு நிமிஷம். அந்தப் பென் டிரைவை இப்போதே சொருகாதீங்க. சொருகிவிட்டால் எல்லாம் அழிந்துபோகும். அப்புறம் என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இந்த உலகத்தில் ஒரு சாட்சிகூட மிஞ்சாது. அக்கா டீ போடுகிறாள். எப்படியும் டீ குடித்துவிட்டுத்தானே ஆரம்பிப்பீங்க? அதுவரைக்கும் நான் சொல்வதைக் கேளுங்க.

அப்பா உங்களிடம் போனில் என்ன சொன்னார் என்று நானே சொல்லட்டுமா? "சாதிக், எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல என் சின்னப் பொண்ணு ஏதோ பென்குவின் படம் போட்டதை ஏத்தி வச்சிருக்கா. அதை மொத்தமா வழிச்சு எடுத்துட்டு, பழையபடி விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுத்துடு. உனக்குப் புண்ணியமாப் போகும்." சரியா? அந்த இருமல் உட்பட? சிரிக்கிறீங்க. சிரிக்காதீங்க அண்ணா, ஹாலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. நான் எதிரிலேயே நின்றாலும் அக்காவைப் பார்த்து, "வதனி, அவளை நகரச் சொல்லு, ஃபேன் காத்து மறைக்குது" என்கிறார்.

நான் குரல் மாற்றிப் பேசுவேன், உண்மைதான். இந்தக் குவார்ட்டர்ஸில் யார் குரல் வேண்டும், சொல்லுங்க, தருகிறேன். மே மாதம் மொட்டை மாடியில் நின்று தண்ணீர் லாரி வந்த மாதிரி ஒரு சத்தம் கொடுத்தேன். ஹாரன், பிரேக், டிரைவரின் "சீக்கிரம் வாங்கம்மா", எல்லாம். நாலு பிளாக்கும் குடத்தோடு இறங்கியது. இன்னொரு தடவை சிநேகிதி ஜெனிஃபர் போனிலிருந்து அப்பாவின் ஆபீஸ் சூப்பிரண்டு குரலில், "சொக்கலிங்கம், நாளைக்கு நீங்க வர வேண்டாம், ரெஸ்ட் எடுங்க" என்றேன். மனிதர் நிஜமாகவே போகாமல் இருந்துவிட்டார்! மெமோ கொடுத்தார்கள். எல்லாம் நான்தான். யார் செய்தது என்று கேட்டதும் ஒத்துக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன் அண்ணா. செய்ததை ஒத்துக்கொள்கிறவள், செய்யாததை எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்?

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தக் கம்ப்யூட்டர் பழையது. ஆன் பண்ணிவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, தலை பின்னிக்கொண்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போதாததற்கு அப்பாவிடம் ஜாதகம் பார்க்க வருகிறவர்கள். தெரியும் இல்லையா, அப்பாவுக்கு ஜாதகம் ஒரு பைத்தியம். வேலை ரயில்வேயில், உயிர் ராசிக்கட்டத்தில். யாரிடமும் ஒரு பைசா வாங்க மாட்டார். வருகிறவர்கள் பழைய ஜாதகத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து சொருகுவார்கள். ஜாதகத்தோடு வைரஸும் வரும். அதனால் லீவில் விண்டோஸை எடுத்துவிட்டு நான் லினக்ஸ் போட்டேன். வைரஸ் தொல்லை ஓய்ந்தது. முப்பதே வினாடியில் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. யாரோ எவனோ ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து எழுதி, "எடுத்துக்கோ, மாத்திக்கோ, அடுத்தவனுக்கும் குடு" என்று சும்மா கொடுக்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு! இந்த வீட்டில் யாராவது ஒரு நன்றி சொன்னார்களா?

அம்மா சொன்னாள். என்ன சொன்னாள் தெரியுமா? "ஏன்டி, என் கோலம் எங்கடி?" அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் கோலம். நெட்டில் பார்த்துப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்வாள். லினக்ஸில் பிரிண்டரைப் பேச வைக்க எனக்கு நாலு நாள் ஆனது. பேசிய பிறகு பார்த்தால் தாள் அளவு வேறு ஏதோ நாட்டு அளவில் இருக்கிறது, கடைசி வரிசைப் புள்ளி மட்டும் தாளில் விழவே இல்லை. அம்மா தாளில் வந்தபடியே வாசலில் போட்டுவிட்டாள். எதிர் வீட்டு ரோஸ்லின் ஆன்ட்டி வந்து, "என்னங்க, புது மாடலா இருக்கு, கீழ்ப்பக்கம் திறந்து விட்டிருக்கீங்க?" என்றார். அன்றிலிருந்து அம்மா இதற்கு வைத்த பெயர் மொட்டைக் கோலப் பெட்டி.

சரி, நெட்டில் கேட்டுப் பார்ப்போம் என்று லினக்ஸ்காரர்கள் கூடும் இடத்தில் கேட்டேன். ஒருத்தர் பதில் போட்டார். எழுத்தில்தான் போட்டார், ஆனால் அவர் குரல் எனக்குக் கேட்டது: மூக்காலே பேசுகிற குரல். "இந்தக் கேள்வி இரண்டாயிரத்துப் பதினொன்றிலேயே கேட்கப்பட்டுவிட்டது. முதலில் தேடிப் பாருங்கள் சகோதரி." தேடிப் பார்த்தேன் அண்ணா. இரண்டாயிரத்துப் பதினொன்றிலும் யாரோ ஒருத்தரை, "முதலில் தேடிப் பாருங்கள்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவைக்கூடச் சமாளித்துவிட்டேன். அப்பாவின் ஜாதகப் புரோகிராம்தான் அசையவில்லை. அது யாரோ ஒருத்தர் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எழுதியது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பென் டிரைவ் மாதிரி ஒரு குட்டிச் சாவி சொருகினால்தான் திறக்கும். லினக்ஸில் என்ன தலைகீழாக நின்றாலும் திறக்கவில்லை. அப்பா மூன்று நாள் சாப்பாட்டில் உப்பு இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அதனால் பாகம் பிரித்தேன். ஒரே கம்ப்யூட்டரில் இந்தப் பக்கம் லினக்ஸ், அந்தப் பக்கம் அப்பாவுக்கு விண்டோஸ். ஆன் பண்ணும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்பா பக்கத்துக்கு இன்டர்நெட் கிடையாது. வைரஸ் வருமாம், அவர் உத்தரவு.

இங்கேதான் வினை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே பேட்டரியில் ஓடுகிற ஒரு கடிகாரம் இருக்கிறது இல்லையா? ஒரே கடிகாரம், ரெண்டு மருமகள். விண்டோஸ் அதில் நம் ஊர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் வந்து லண்டன் பக்கத்து நேரத்தை வைத்துவிட்டுப் போகும். அடுத்து விண்டோஸைத் திறந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். முதல் வாரமே நான் இதைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் சரி பண்ணிவிட்டேன். லினக்ஸில் இந்தக் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடிக்க வேண்டும். கடைசியில் ஒன்று போட்டால் நம் ஊர் நேரம். பூஜ்யம் போட்டால் லண்டன் நேரம். நான் ஒன்று போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கிறது. ஒன்று போட்டவள் நான்.

சாட்சிகூட உண்டு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டில் லினக்ஸ் பிடித்த ஒரே ஜீவன் அவள்தான். எம்.எஸ்ஸி கணக்கு, கடைசி வருஷம், பிராஜெக்ட் எல்லாம் இதில்தான் செய்கிறாள். நான் எது சொன்னாலும் அக்கா, "உம்" என்பாள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நோட்டை எடுத்து அந்த வரியை எழுதிக்கொண்டாள். "தாரணி, பூஜ்யம் போட்டா உடனே மாறிடுமா, இல்ல மறுபடி ஆன் பண்ணினாத்தான் மாறுமா?" என்று கேட்டாள். எனக்கு என்ன பெருமை தெரியுமா! எட்டு வருஷம் பெரியவள், என்னிடம் பாடம் கேட்கிறாளே என்று எல்லாம் விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மூன்று வாரம் ஆகிறது.

அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாராம், படிப்பெல்லாம் போதுமாம். "ஞாயித்துக்கிழமை மூணரைக்குப் போன் பண்றோம், பொண்ணு பார்க்க வரலாமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று முன்கூட்டியே தகவல் அனுப்பியிருந்தார்கள். அப்பா எதையும் அப்படியே சொல்ல மாட்டார். பிரசன்னம் பார்ப்பார். கேள்வி காதில் விழுகிற நேரம் எதுவோ, அந்த நேரத்துக்குக் கட்டம் போட்டு அதில் பதில் தேடுவது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்கூடப் பிரசன்னம் பார்த்துத்தான் வந்தது. நேரத்தை அவர் கையால் போட மாட்டார். பட்டனைத் தட்டினால் புரோகிராமே கம்ப்யூட்டர் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். திரை முழுக்க அதுவே அடைத்துக்கொள்ளும், மூலையில் இருக்கும் மணி தெரியாது. கட்டத்துக்குக் கீழே நேரம் வரும், ஆனால் நாழிகைக் கணக்கில், எறும்பு அளவில். யார் படிக்கப்போகிறார்கள்?

மூன்றரைக்குப் போன் வந்தது. "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேங்க" என்று அப்பா உள்ளே வந்தார். பட்டனைத் தட்டினார். அப்புறம் ஒரு சத்தம் வந்தது பாருங்க. "ஐயையோ! லக்னாதிபதி எட்டுல போய் மறைஞ்சுட்டானே! ஏழாம் இடத்தைச் சனி பார்க்கிறான்! கதவைச் சாத்துன்னு சொல்றாப்ல இருக்கே!" போனை எடுத்து, "மன்னிக்கணும், இப்ப அமையலை" என்று முடித்துவிட்டார்.

அக்கா எழுந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாவித் துவாரம் வழியாகப் பார்த்தேன். தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறாள், தோள் ரெண்டும் குலுங்குகிறது. பாவம், விமானத்தில் போக வேண்டியவள். அன்றைக்கு முழுக்க நான் யார் குரலும் பேசவில்லை. மரியாதை இல்லையா?

அந்த மாப்பிள்ளை வீட்டார் பத்தே நாளில் கரூர்ப் பக்கம் வேறு இடத்தில் தட்டு மாற்றிக்கொண்டார்கள். சரி, அது போகட்டும் என்று அப்பாவும் மனசைத் தேற்றிக்கொண்டார். அக்கா மேலே படிக்கச் சென்னையில் ஒரு இடத்தில் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அப்பா அதில் கையெழுத்துகூடப் போட்டுவிட்டார். "கிரகமே படிக்கச் சொல்லுது, நான் யாரு தடுக்க?" என்றார். அதோ, பீரோ மேல் உறையில் இருக்கிறது பாருங்க. நாளைக்கு நல்ல நாளாம், நாளைக்குத்தான் தபாலில் சேர்ப்பாராம்.

இப்படி எல்லாம் அமைதியாக இருக்கும்போது போன ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறந்தேன். அப்பா ஜாதகப் புரோகிராமை மூடினார், மூலையில் மணி தெரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் காலை பத்தரை என்று காட்டுகிறது. "அப்பா, கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுதுப்பா!" என்று கத்திவிட்டேன். ஏதோ கண்டுபிடித்த சந்தோஷம். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. உட்கார்ந்து அந்தப் பழைய ஞாயிறு மூன்றரை மணியைக் கையாலேயே போட்டுக் கட்டத்தைப் பார்த்தார். "லக்னத்துல குரு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை, அந்தக் குரலை என்னால் செய்துகாட்டக்கூட முடியாது. "ஏழாம் இடம் சுத்தம். கோடியில ஒருத்தருக்கு அமையற கட்டம்டி இது."

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"சூப்பிரண்டு மாதிரிப் பேசினவதானே நீ? தண்ணி லாரி விட்டவதானே? அக்கா வாழ்க்கையிலயா விளையாடுவ?"

நான் செய்யவில்லை என்றேன். ஒன்று போட்டேன் என்றேன். சத்தியம் செய்தேன், அழுதேன். "நல்லா நடிக்கிறா" என்றார் அம்மாவிடம். இந்த வயரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதனால்தான் ஒரு வாரமாக என்னால் எதையும் திறந்து பார்க்கக்கூட முடியவில்லை. இன்றைக்கு நீங்க வந்தீங்க, வயர் வெளியே வந்தது.

எனக்கு ஆதரவாகப் பேசியது அக்கா ஒருத்திதான். "விடுங்கப்பா, அவ வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. அந்த மிஷின் கோளாறா இருக்கும்" என்றாள். ராத்திரி எனக்குத் தனியாக ஒரு முறுகல் தோசை வேறு. பாதிக்கப்பட்டவளே மன்னிக்கிறாள், இவருக்கு என்ன?

பேட்டரி போய்விட்டதோ என்று நினைத்தேன். நீங்க இப்போதுதான் பார்த்து நன்றாக இருக்கிறது என்றீங்க. அப்படியென்றால் லினக்ஸ்தான் தானாக மாற்றியிருக்க வேண்டும். ஆத்திரமாக வருகிறது அண்ணா. நான் ஒருத்தி இதற்காக வீடு முழுக்கச் சண்டை போட்டேன், இது என் காலையே வாரிவிட்டது. ஒரு கோலம் உருப்படியாக அடிக்கத் தெரியவில்லை. ஒரு மணி காட்டத் தெரியவில்லை. வீட்டில் வைத்துக் கும்பிடுகிற சாமி வேறு, திருவிழாவில் தேரில் வருகிற சாமி வேறு போலிருக்கிறது. இது தேரில் வரட்டும். எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியதெல்லாம் என் பேர் சுத்தமாக வேண்டும்.

அதற்குத்தான் இந்த ஒரு நிமிஷம். லினக்ஸில் ஒரு நல்ல விஷயம், எதை அடித்தாலும் வரிசையாக ஞாபகம் வைத்திருக்கும். இந்தக் கறுப்புத் திரையில் மேல் அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாக அடித்த வரி வந்து நிற்கும். இங்கே நானும் அக்காவும் தவிர யாரும் வருவதில்லை. அவளும் பிராஜெக்ட் ஜன்னலை விட்டு இந்தப் பக்கமே வர மாட்டாள். கடைசி வரி என்னுடையதுதான். ஒன்று போட்டது. அப்பாவே வந்து பார்க்கட்டும்.

அப்பா! ஒரு நிமிஷம் இங்க வாங்கப்பா! சாட்சி காட்டறேன்!

வருகிறார். நாற்காலி நகருகிறது. பாருங்க அண்ணா, தட்டுகிறேன்.

பூஜ்யம்.

இருங்க. இது எப்படி... இன்னொரு தட்டு. அதே வரி, நடுவில் ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கிறது. அதற்கு முன்னால், அதுவும் தப்பு. அதற்கு முன்னால்தான் என்னுடைய ஒன்று, இதோ. நான் இந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேனே அண்ணா. இது யாரோ நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, ரெண்டு தடவை தப்பு விட்டு, மூன்றாம் தடவை...

போன் வருவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. "எனக்குப் பிராஜெக்ட் இருக்கு, நீ ஜெனிஃபர் வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வா" என்று அவள்தான் என்னை அனுப்பினாள். கையில் கடலை மிட்டாய் வேறு கொடுத்து.

அழவில்லை அண்ணா. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, அவள் அழவே இல்லை.

அடிப்பாவி. எட்டு வருஷமாக இந்தக் குவார்ட்டர்ஸில் நான் ஊதாத சங்கு இல்லை, போடாத குரல் இல்லை. ஒரே ஒரு பூஜ்யம். சத்தமே இல்லாமல். அப்பா, மஸ்கட், ஒன்பது கிரகம், எல்லோரையும் ஒரே...

வந்துவிட்டார். அந்த ஜன்னலை மூடுங்க அண்ணா. மூடுங்க, மூடுங்க.

ஒண்ணுமில்லப்பா. இல்ல, சாட்சி எல்லாம் இல்ல. அது வந்து... நான்தாம்ப்பா. நான்தான் மாத்தி வச்சேன். விளையாட்டுக்கு. அது இப்படி ஆகும்னு நினைக்கல. மன்னிச்சுக்கோங்கப்பா.

...

போய்விட்டார். பார்த்தீங்களா? "சாதிக், கேட்டியா? நான் அன்னிக்கே சொல்லலை?" எவ்வளவு திருப்தி அந்த முகத்தில்! ஒரு வாரமாக உண்மையைச் சொல்கிறேன், நடிப்பு என்றார். இப்போது ஒரே ஒரு பொய், அதுவும் என் சொந்தக் குரலில், உடனே நம்பிவிட்டார். ஒரு மாசம் போனைத் தொடக் கூடாதாம். போகட்டும். என்னோடு பேசியாவது விட்டாரே.

நீங்க சொருகுங்க அண்ணா. மொத்தமாக வழித்து எடுத்துவிடுங்க, இந்தப் பக்கம் ஒரு வரிகூட மிஞ்சக் கூடாது. அக்கா பிராஜெக்ட் எல்லாம் அவள் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டாள். வயரைப் பூட்டும் முன்பே எடுத்துவிட்டாள். எடுக்காமல் இருப்பாளா! ஒரு வினாடி, அந்தத் திரையை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளவா? ஆயுசு முழுக்க இவளை ஆட்டி வைக்கலாம்... வேண்டாம். அந்த உறை நாளைக்குத் தபாலில் போக வேண்டும். சொருகுங்க.

வா அக்கா. டீயா? அண்ணனுக்கு அங்கே வை. சர்க்கரை எப்படின்னு கேட்டியா? அண்ணா, இவ ரொம்பக் கணக்குப் பார்த்துப் போடுவா. எத்தனை ஸ்பூன் வேணும்னு தெளிவாச் சொல்லிடுங்க.

ஒண்ணா, பூஜ்யமா?

பார்த்து, பார்த்து, தட்டு சாயுது. இப்படிக் குடு. என்ன அப்படிப் பார்க்கிற? எல்லாம் அழியப்போகுது, அண்ணன் ஆரம்பிச்சுட்டார். என்னது? எனக்கா? ரெண்டு ஸ்பூனா?

மூணு போடு.